டிவிஹெட்எண்டில் ஐபிடிவி ஸ்கேன்: விஎல்சியில் ஓடும் சேனல்கள் சர்வரில் தோற்பது ஏன்?

கேள்வி

வீட்டில் லினக்ஸ் இயங்கும் ஒரு சிறிய கணினியில், டாக்கர் கண்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரிந்து இயங்கும் தனிச் சூழல்) டிவிஹெட்எண்ட் என்ற தொலைக்காட்சி சர்வர் மென்பொருளை நிறுவி, இணைய இணைப்பு வழங்குவோரிடம் சந்தா முறையில் பெற்ற எம்3யூ பட்டியலை (சேனல் முகவரிகள் அடங்கிய கோப்பு) தானியங்கி ஐபிடிவி (இணையவழித் தொலைக்காட்சி) நெட்வொர்க்காகச் சேர்த்திருக்கிறேன். பட்டியல் முழுவதும் படிக்கப்பட்டு, ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மக்ஸ் (சேனலைச் சுமந்து வரும் ஓடை, அதாவது ஸ்ட்ரீம்) உருவாகிவிடுகிறது. ஆனால் ஸ்கேன் முடியும்போது சில மக்ஸ்கள் மட்டுமே வெற்றி பெற்றிருக்க, மற்றவை எல்லாம் தோல்வி என்று காட்டப்படுகின்றன. தோற்ற அதே முகவரியை மடிக்கணினியில் விஎல்சி கொண்டு திறந்தால் தடையின்றி ஓடுகிறது. மறுபடியும் ஸ்கேன் செய்தால் வேறு சில சேனல்கள் கிடைக்கின்றன. முன்பு கிடைத்தவற்றில் சில தவறிவிடுகின்றன. பெரும்பாலான முகவரிகள் ஹெச்டிடிபி வகையைச் சேர்ந்தவை. 239 என்று தொடங்கும் யுடிபி முகவரிகளும் சில உண்டு. அவற்றில் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதல் மறுமொழி

ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். முகவரி பிழையாக இருந்தால் அதே சேனல் ஒவ்வொரு முறையும் தோற்க வேண்டும். ஆகவே ஹெச்டிடிபி சேனல்களைப் பொறுத்தவரை பட்டியலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் திறக்கப்படுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா வழியாக ஸ்கேன் செய்யும்போது கணினியில் எத்தனை டியூனர்கள் உள்ளனவோ அத்தனை மக்ஸ்களை மட்டுமே ஒரே நேரத்தில் திறக்க முடியும். ஐபிடிவியில் அப்படிப்பட்ட இயற்கையான வரம்பு இல்லாததால், நீங்கள் தடுக்காவிட்டால் சர்வர் பல ஓடைகளை ஒன்றாகத் திறந்துவிடும். சந்தா தருவோர் பலர் ஒரு கணக்குக்கு ஒன்றிரண்டு இணைப்புகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். வரம்பைத் தாண்டிய கோரிக்கைகள் மறுக்கப்பட, அந்த நொடியில் முந்திக்கொண்டவை வெற்றி பெறுகின்றன. விஎல்சியில் நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் திறக்கிறீர்கள் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் தெரியாது.

நெட்வொர்க் அமைப்புகளில், அதிகபட்ச உள்ளீட்டு ஓடைகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் கட்டத்தில் இப்போது 0 இருக்கும். அதன் பொருள் வரம்பில்லை என்பது. அதை 1 ஆக்குங்கள். அதன் அருகிலேயே உள்ள காத்திருப்பு நேரத்தையும் 30 விநாடி அளவுக்கு உயர்த்துங்கள். ஸ்கேன் வெற்றி பெற, ஓடையில் என்னென்ன உள்ளன என்று சொல்லும் பேட், பிஎம்டி ஆகிய அட்டவணைகளை சர்வர் படித்தாக வேண்டும். சிறு துண்டுகளாக வரும் ஹெச்எல்எஸ் ஓடைகளில் முதலில் துண்டுகளின் பட்டியலை இறக்கி, பிறகு முதல் துண்டை இறக்கிய பின்னரே அந்த அட்டவணைகள் கைக்கு வரும் என்பதால் குறுகிய காத்திருப்பு போதாது. பிறகு மக்ஸ் பட்டியலில் தோற்றவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் நிலையைக் காத்திருப்பு என்று மாற்றினால் போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் முடிவு நம்பத்தக்கதாக இருக்கும்.

இரண்டாம் மறுமொழி

239 என்று தொடங்கும் முகவரிகள் தனிக் கதை. அவற்றை மேலே சொன்னதோடு கலக்க வேண்டாம். அவை மல்டிகாஸ்ட் முகவரிகள், அதாவது ஒரே ஓடையைக் கேட்கும் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புபவை. சர்வர் ஐஜிஎம்பி என்ற நெறிமுறை வழியாக அதைக் கேட்போர் குழுவில் சேர்ந்தால்தான் ரூட்டர் அந்த ஓடையை அனுப்பும். டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் நெட்வொர்க், வெளியிலிருந்து வரும் மல்டிகாஸ்டைக் கண்டெய்னருக்குள் கடத்துவதில்லை. எனவே கண்டெய்னரை, கணினியின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் இயக்கிவிட்டு, மக்ஸ் அமைப்பில் எந்த இன்டர்ஃபேஸ் வழியாகக் கேட்க வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். கணினியில் கம்பி இணைப்பும் வைஃபையும் ஒன்றாக இயங்கினால், பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று சோதிக்கும் லினக்ஸின் ஆர்பி ஃபில்டர் கடுமையான நிலையில் (1) இருக்கும்போது வந்த பாக்கெட்டுகளே கைவிடப்படலாம்; அதைத் தளர்வான நிலைக்கு (2) மாற்றிப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. ஓடைகளின் எண்ணிக்கையை 1 ஆக்கியதும் ஹெச்டிடிபி சேனல்கள் ஏறக்குறைய அனைத்தும் கிடைத்துவிட்டன. ஹோஸ்ட் முறைக்கு மாறியதும் மல்டிகாஸ்ட் சேனல்களும் வந்துவிட்டன. இன்னும் இரண்டு குறைகள் உள்ளன. ஸ்கேனில் கிடைத்த சர்வீஸ்களை (ஓடைக்குள் உள்ள நிகழ்ச்சி வரிசைகளை) சேனல்களாக மாற்றும்போது பல சர்வீஸ்கள் "சர்வீஸ்01" என்ற ஒரே பெயரில் ஒரே சேனலுக்குள் போய்விடுகின்றன. ஹெச்எல்எஸ் முகவரிகளில் சில மட்டும் எத்தனை முறை முயன்றாலும் தோற்கின்றன.

மூன்றாம் மறுமொழி

அந்தப் பெயர் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்று மென்பொருள் தானாக இடுவது. ஓடையைத் தயாரிப்பவர் பெயர் கொடுக்காவிட்டால் அதுவே எல்லாச் சேனல்களிலும் வரும். மாற்றும்போது ஒரே பெயருள்ளவற்றை இணைக்கும் விருப்பம் தேர்வாகியிருந்தால், சர்வர் அவற்றை ஒரே சேனலின் பல வழிகளாக எடுத்துக்கொள்ளும். உருவான சேனலை நீக்கி, அந்த விருப்பத்தை அணைத்து, மக்ஸ் அமைப்பில் சர்வீஸ் பெயரைப் பட்டியலில் உள்ளபடி நிரப்பிய பின் மறுபடி மாற்றுங்கள்.

தொடர்ந்து தோற்கும் முகவரிகளில் ஒன்றை எடுத்து, அதன் பட்டியல் கோப்பை உரையாகத் திறந்து பாருங்கள். துண்டுகள் டிஎஸ் என்று முடியாமல் எம்பி4 வகையில் இருந்தால் காரணம் அதுதான். ஹெச்எல்எஸ் அந்த வகையையும் ஏற்கிறது; ஆனால் டிவிஹெட்எண்ட் எதிர்பார்ப்பது 188 பைட் பாக்கெட்டுகளால் ஆன எம்பெக் டிஎஸ் ஓடையை. அத்தகைய மக்ஸ்களுக்கு மட்டும் பைப் முறையில் (வேறொரு நிரலின் வெளியீட்டை சர்வர் நேரடியாகப் படிக்கும் முறை) எஃப்எஃப்எம்பெக்கை இடையில் வைத்து, படத்தையும் ஒலியையும் மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே நகலெடுத்து எம்பெக் டிஎஸ் ஆக வெளியிடச் சொல்லுங்கள். இதனால் செயலிக்குப் பெரிய சுமை ஏறாது. எஃப்எஃப்எம்பெக் கண்டெய்னருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹோஸ்டில் நிறுவியிருப்பது கண்டெய்னருக்குள் இருக்கும் டிவிஹெட்எண்டுக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததும் ஓடைகளின் எண்ணிக்கையை உங்கள் சந்தா அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். 1 என்றே விட்டால் ஒரு சேனல் பதிவாகும்போது வேறொரு சேனலைப் பார்க்க முடியாது. ஓய்வு நேரத்தில் தானாக ஸ்கேன் செய்யும் விருப்பத்தையும் இந்த நெட்வொர்க்குக்கு அணைத்துவிடுங்கள். சந்தாவின் குறைந்த இணைப்புகளில் ஒன்றை அது வீணாக எடுத்துக்கொள்ளும்.