ஜெனெசியே பாசக்கார அப்பாவா? 'ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்' (1960)

மறுகாட்சி:
ஜார்ஜ் ஃபிரான்ஜு எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படம் "திகில் படமே இல்லை, மகளுக்காக உருகும் ஓர் அப்பாவின் கதை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பலர் ஆமாம் போட்டிருந்தீர்கள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. டாக்டர் ஜெனெசியே என்ன செய்கிறார்? கார் விபத்தில் முகம் சிதைந்த மகள் கிறிஸ்தியானுக்குப் புது முகம் வைக்க, உதவியாளர் லூயிஸ் என்ற பெண்ணை அனுப்பிப் பாரிஸில் இளம்பெண்களுக்கு வலை விரிக்கிறார். மயக்கம் கொடுத்து, உயிரோடு முகத்தோலை உரிக்கிறார். சரி, அந்த விபத்தில் காரை ஓட்டியது யார்? அவரேதான்! இதை மறைத்துவிட்டுப் பாசம் பாசம் என்றால் எப்படி?

வெள்ளைப்புறா:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாமே, மறுகாட்சி சார். கார் ஓட்டியது அவர் என்பதால்தான் குற்ற உணர்ச்சி, அதிலிருந்துதான் இந்த வெறி. தன் மருத்துவமனையில் ஒரு சின்னப் பையனை எவ்வளவு கனிவாகப் பரிசோதிக்கிறார், கவனித்தீர்களா? 1962இல் அமெரிக்காவில் 'தி ஹாரர் சேம்பர் ஆஃப் டாக்டர் ஃபாஸ்டஸ்' என்று பெயர் மாற்றி, டப் செய்து வெளியிட்டபோது அந்தக் காட்சியைத்தான் வெட்டினார்கள். அது இருந்தால் அவரை வெறும் பைத்தியக்கார டாக்டர் ஆக்க முடியாதே! நீங்கள் பார்த்ததும் அந்தப் பிரதிதானோ?

மறுகாட்சி:
முழுப் பிரெஞ்சுப் பிரதியைத்தான் பார்த்தேன், உங்கள் கரிசனத்துக்கு நன்றி. குற்ற உணர்ச்சி எந்தக் காட்சியில் வருகிறது? ஒன்றைக் காட்டுங்கள். அப்பாவுக்கு எல்லாவற்றையும் அடக்கி ஆள வேண்டும், சாலையில்கூட, என்று கிறிஸ்தியானே சொல்கிறாள். பெற்ற மகளே சொல்லியாகிவிட்டது, உங்களுக்கு மட்டும் கேட்கவில்லை.

பிணவறைக் காட்சியைப் பாருங்கள். லூயிஸ் ஸேன் நதியில் தள்ளிவிட்ட பிணம் சிமோன் என்ற வேறொரு பெண்ணுடையது. அதைத் தன் மகள் என்று அடையாளம் காட்டிவிட்டு வருகிறார். சிமோனைப் பெற்றவர் அங்கேயே தவித்துக்கொண்டு நிற்கிறார். அந்த மனிதரிடம், உங்களுக்காவது இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்கிற மாதிரி பேசுகிறார் ஜெனெசியே! அவராக நடித்த பியேர் பிராஸரின் முகத்தில் ஒரு சலனம் இல்லை. மகள் அருமை தெரிந்த அப்பன் இன்னொரு அப்பனிடம் இப்படிப் பேசுவானா?

ஊசிநூல்:
மருத்துவத்துறையில் இருப்பதால் ஒரு வார்த்தை. ஒருவர் தோலை இன்னொருவர் உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். இதைப் பரிசோதனைகளில் விளக்கிக் காட்டிய பீட்டர் மெடவாருக்கும், கோட்பாடாக முன்வைத்த பர்னெட்டுக்கும் நோபல் கிடைத்தது இதே 1960இல்தான். படத்தில், லூயிஸ் வலையில் விழுந்த எட்னா என்ற பெண்ணின் முகம் கிறிஸ்தியானுக்கு முதலில் பொருந்திவிட்டது போல இருக்கும். அப்புறம் ஒவ்வொரு புகைப்படமாக வரும். தோல் கறுத்து, புண்ணாகி, கடைசியில் எடுத்துவிட வேண்டியதாகும். அந்த இடத்தில் ஃபிரான்ஜு துளியும் மிகைப்படுத்தவில்லை. பிரான்சிலேயே 2005இல், ஆமியான் நகரில், முதல் பகுதி முகமாற்று அறுவை நடந்தது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து, குடும்பத்தின் சம்மதத்தோடு எடுத்தார்கள். ஒழுங்காகச் செய்ய வழி இருந்தது என்பதுதான் என் கட்சி.

மறுகாட்சி:
டாக்டர் ஐயா, 1960இல் இருந்தவர் 2005க்கு எப்படிப் போவார்? நான் கேட்டது கார். நோபல் பரிசு வரை போய்விட்டீர்கள், காருக்கு மட்டும் யாரும் வர மாட்டேன் என்கிறீர்கள்.

பழையரீல்:
இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். தயாரிப்பாளர் ஜூல் போர்கோன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: ரத்தம் அதிகம் காட்டினால் பிரெஞ்சுத் தணிக்கை வெட்டும், மிருகவதை காட்டினால் இங்கிலாந்து முறைக்கும், பைத்தியக்கார விஞ்ஞானி வந்தால் ஜெர்மனி ஒத்துக்கொள்ளாது. வெள்ளைப்புறா சிலாகிக்கும் அந்தக் 'கனிவு' தணிக்கைக்குப் பயந்து பூசிய சாயமாக ஏன் இருக்கக் கூடாது? திரைக்கதையில் புவாலோ, நார்ஸெஜாக் இருவரும் இருக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வுக்கு மூலக்கதை எழுதியவர்கள். அவர்களுக்கு அப்பாவிப் பாத்திரம் எழுதத் தெரியாது.

வெள்ளைப்புறா:
வந்துவிட்டார். ஹிட்ச்காக் விவாதத்தில் நான் உங்களை மறுத்துப் பேசியதிலிருந்து, நான் எங்கே எழுதினாலும் பின்னாலேயே வருகிறீர்கள். 'சாயமாக ஏன் இருக்கக் கூடாது' என்பதெல்லாம் ஆதாரமா?

பழையரீல்:
அன்றைக்கும் ஆதாரம் கேட்டீர்கள். கொடுத்ததும் காணாமல் போனீர்கள்.

மல்லிகைச்சரம்:
லூயிஸைப் பற்றி யாராவது பேசுங்களேன். அவள் முகத்தைச் சரிசெய்து கொடுத்தவரே ஜெனெசியேதான். கழுத்துத் தழும்பை முத்துமாலையால் மறைத்துக்கொண்டு திரிகிறாள். அந்த நன்றிக்கடனுக்காகத்தான் வாடகைக்கு அறை காட்டுகிறேன் என்று எட்னாவை அழைத்து வருகிறாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்கிற அந்தத் துரோகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. முத்துமாலை கிடந்த அந்தக் கழுத்திலேயே கிறிஸ்தியான் கத்தியை இறக்குவது சும்மா வைத்த காட்சி இல்லை.

மறுகாட்சி:
நல்ல கேள்வி, ஆனால் லூயிஸ் கார் ஓட்டவில்லை. அதாவது ஓட்டுகிறாள், பிணத்தை ஏற்றிக்கொண்டு. விபத்துக்குள்ளான காரை ஓட்டவில்லை. வெள்ளைப்புறா இன்னும் காட்சியைச் சொல்லவில்லை.

வெள்ளைப்புறா:
எத்தனை முறை சொல்வது? சிறுவன் காட்சி!

மறுகாட்சி:
அதில் அவர் வேலையைச் செய்கிறார். சம்பளம் வாங்கும் இடத்தில் எல்லாரும் கனிவாகத்தான் இருப்பார்கள். ஜன்னலிலிருந்து விழுந்து செத்தாளே எட்னா, அவளுக்காக ஒரு கணம் கலங்கினாரா? கூண்டில் அடைத்து வைத்திருந்த நாய்களை மகள் திறந்துவிட்டதும், அவை அவர் முகத்தைத்தான் குதறுகின்றன. ஃபிரான்ஜு எந்தப் பக்கம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஊசிநூல்:
அடைத்து வைத்தால் எந்த நாயும் கடிக்கும். அதில் தத்துவம் தேட வேண்டாம்.

பழையரீல்:
வெள்ளைப்புறா, உங்கள் பழைய 'வெர்டிகோ' பதிவை எடுத்துவிட்டேன். நாளைக்கு வரிவரியாகப் போடுகிறேன்.

வெள்ளைப்புறா:
தாராளமாகப் போடுங்கள். அதற்கு நீங்கள் எழுதிய பதிலையும் சேர்த்தே போடுங்கள், வெட்டாமல்.