கன்னிசாமிக்கு 41 நாள் விரதம் கட்டாயமா?

ஒரகடம்_தம்பி:
சாமி சரணம். இந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சபரிமலைக்குப் போக நினைக்கிறேன். எங்கள் தெரு குருசாமி, கன்னிசாமி என்றால் கார்த்திகை 1 அன்றே மாலை போட வேண்டும், 41 நாள் முடியாமல் இருமுடி கட்டித் தர மாட்டேன் என்கிறார். கம்பெனியிலிருந்து போகும் குழுவோ ஒரு வாரம் முன்னால் மாலை போட்டால் போதும், டிசம்பர் நடுவில் வேன் கிளம்புகிறது என்கிறது. எனக்கு மூன்று ஷிஃப்ட் வேலை. யார் பேச்சைக் கேட்பது?

ராஜபாளையம்_குருசாமி:
உங்கள் தெரு குருசாமி பேச்சைக் கேளுங்கள் சாமி.

பழைய சாமிகள் மாத பூஜைக்கு ஒரு வாரம் மாலை போட்டுப் போவதை நான் தடுத்ததில்லை. கன்னிசாமி விஷயம் வேறு. மாலை கழுத்தில் விழுந்த நிமிஷத்திலிருந்து பெற்ற தாய்கூட அவனைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுகிறாள். டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், மேலதிகாரி எல்லாருக்கும் அவன் சாமி. வாய் தவறிக் கெட்ட வார்த்தை வந்தால், “மாலை போட்டுக்கிட்டு இப்படிப் பேசலாமா சாமி?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். முதல் பத்து நாள் இதெல்லாம் வெளி வேஷமாகத்தான் இருக்கும். விடியற்காலைக் குளியல் கசக்கும், செருப்பில்லாத கால் எரியும், எதற்கடா போட்டோம் என்று தோன்றும். அந்தக் கட்டத்தைத் தாண்டின பிறகுதான் கோபம் வரும்போது அவனாகவே நிறுத்துகிறான். என்னிடம் மாலை போட்ட பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஏழு நாளில் அந்த வேஷத்தைக்கூட ஒழுங்காகப் போட்டு முடிக்க முடியாது.

தென்காசி_எல்லை:
குருசாமி மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பதினெட்டாம்படிக்குக் கீழே பார்ப்பது தலையில் இருமுடி இருக்கிறதா என்பதை மட்டும்தான். இருமுடி இல்லாதவர் வேறு வழியாகப் போய்த் தரிசனம் செய்யலாம், படி ஏற முடியாது. அது கோயிலின் சட்டம். எத்தனை நாள் விரதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், என் சிநேகிதர்கள் சில நாள் விரதம் இருந்து போய் வருகிறார்கள். அவர்கள் பக்தியில் குறை சொல்ல முடியுமா?

41 நாள் எந்தக் காலத்து வழக்கம் என்பதையும் பாருங்கள். எரிமேலியிலிருந்து அழுதை, கரிமலை என்று யானைக் காட்டில் நடந்து போன காலம். திரும்பி வருவோமா என்பதே நிச்சயமில்லை. வீட்டில் எல்லாரிடமும் விடைபெற்றுப் போனார்கள், அதற்கேற்ற விரதமும் இருந்தது. 1950இல் கோயில் தீப்பிடித்த பிறகு, புதிதாகச் செய்த ஐம்பொன் விக்கிரகத்தை நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜன் போன்றவர்கள் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் பெருங்கூட்டமாகப் போகத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். இன்று பம்பை வரை வண்டி போகிறது, தரிசன நேரத்தை ஆன்லைனில் பதிவு செய்கிறோம். இவ்வளவும் மாறலாம், நாள் கணக்கு மட்டும் மாறக்கூடாதா? ஐயப்பன் வருகைப் பதிவேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஷிஃப்ட் வேலை செய்கிறவன், லாரி ஓட்டுகிறவன், ஓட்டலில் எச்சில் இலை எடுக்கிறவன் எல்லாம் இந்தக் கணக்கால் தள்ளிப்போகிறான்.

பழைய_டிரைவர்:
லாரி ஓட்டினவன் என்பதால் சொல்கிறேன். மாலை போட்டு 41 நாளும் வண்டி ஓட்டியிருக்கிறேன். குளிக்கப் பெட்ரோல் பங்க் குழாய், பூஜைக்கு டேஷ்போர்டில் ஒரு படம். எங்கள் பேரைச் சொல்லி நாளைக் குறைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். வேன் குழுக்கள் அவசரத்தில் சுவாமி ஐயப்பன் ரோடு வழியாக ஏற்றிவிடுகிறார்கள். அந்த வழியில் பழைய பாதையின் ஏற்றங்களான நீலிமலையும் வராது, அப்பாச்சிமேடும் வராது. அப்பாச்சிமேட்டில் அரிசி மாவு உருண்டை எறிவது கன்னிசாமிகள். எரிமேலியில் வாங்கின சரத்தை, அதாவது அம்பை, சந்நிதானம் போகும் வழியில் சரங்குத்தி என்ற இடத்தில் குத்துவதும் கன்னிசாமிகள்தான். கன்னிசாமி வராத வருஷம் உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று பக்கத்துச் சந்நிதியில் இருக்கும் மாளிகைப்புறத்தம்மாவுக்கு ஐயப்பன் வாக்குக் கொடுத்ததாகக் கதை. அம்மா ஊர்வலமாகச் சரங்குத்தி வரை வந்து, குத்தியிருக்கும் சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அவ்வளவு பெரிய இடத்தை முதல் தடவை வருகிறவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவனைக் குறுக்கு வழியில் கூட்டிப்போய்விட்டு ‘நீயும் மலைக்குப் போய் வந்துவிட்டாய்’ என்று சொல்வது அவனை ஏமாற்றுவது.

திருச்சி_அக்கா:
எல்லாரும் மாலை போட்டவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 41 நாளை வீட்டில் தூக்கிச் சுமப்பது யார்?

போன வருஷம் என் தம்பி கன்னிசாமி. அவன் எழுந்திருக்கும் முன் அம்மா எழுந்து குளித்து வாசல் தெளித்து, தனிப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும். மாதவிலக்கு நாளில் என்னைச் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது பரீட்சை. அப்புறம் கன்னிசாமி வீட்டில் நடத்தும் கன்னி பூஜை. பந்தல், பஜனைக் குழு, ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு. அப்பா வட்டிக்கு வாங்கித்தான் நடத்தினார். கன்னிசாமி வீட்டில் சுருக்கமாகச் செய்தால் குறைவாகப் பேசுவார்கள் என்ற பயம். எனக்கு ஐயப்பன் மேல் கோபமில்லை, நானும் சரணம் சொல்கிறவள்தான். ஆனால் ஒருவரின் விரதத்துக்காக மூன்று பேர் கஷ்டப்பட வேண்டுமா?

தென்காசி_எல்லை:
அக்கா கேட்டதற்குக் குருசாமி பதில் சொல்லட்டும். நாள் கூடக்கூடப் பாரம் வீட்டுப் பெண்கள் மேல்தான் ஏறுகிறது. நான் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராஜபாளையம்_குருசாமி:
அக்கா சொன்னது நியாயம். நியாயம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிற விஷயமும் இல்லை. கடன் வாங்கிக் கன்னி பூஜை நடத்தக் கூடாது என்று மாலை போடும் அன்றே பெற்றோரிடம் சொல்கிறேன். படத்துக்கு முன்னால் விளக்கு, பானகம், நாலு சாமிகளுக்குச் சோறு போதும். ஊரைக் கூப்பிடச் சொல்வது ஊர் வாய், ஐயப்பன் இல்லை. கன்னிசாமி தன் வேட்டியைத் தானே துவைக்கட்டும், தன் சோற்றைத் தானே வடிக்கட்டும். அதுவும் விரதம்தான். அக்கா தங்கையை வெளியே அனுப்புகிற வீடு இருந்தால், அந்தப் பையன் கோயில் மண்டபத்திலோ குருசாமி வீட்டிலோ அந்த நாட்களில் தங்கட்டும். என் குழுவில் அப்படித்தான். படிக்கிற பெண்ணை அலைக்கழிப்பது பாவம்.

அதற்காக நாளைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன். பாரத்தைச் சரியான தோளுக்கு மாற்றுங்கள்.

ஒரகடம்_தம்பி:
ஒரு சந்தேகம் சாமி. எங்கள் பிளான்ட்டில் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலைக் குளியல், பூஜை நேரமும் மாறிவிடும்.

ராஜபாளையம்_குருசாமி:
ஷூ போடுங்கள். பாதுகாப்புக்குப் போடுவதில் தவறில்லை. கேட்டைத் தாண்டியதும் கழற்றிவிடுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து விளக்கேற்றுங்கள், அதுதான் உங்களுக்குக் காலை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சைக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த ஏற்றத்தில் எத்தனை பேருக்கு மூச்சுத் திணறுகிறது என்று யோசியுங்கள். 41 நாள் காலை நடையும் அரை வயிற்றுச் சாப்பாடும் அந்த ஏற்றத்துக்கும் உதவும்.

தென்காசி_எல்லை:
ஷூவுக்கு விலக்கு, குளிக்கும் நேரத்துக்கு விலக்கு, கன்னி பூஜைக்குச் சுருக்கம். எல்லாமே நல்ல முடிவு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் இவ்வளவையும் முடிவு செய்தது யார்? ஒரு குருசாமி, எதிரில் நிற்கும் பையனைப் பார்த்து முடிவு செய்கிறார். அப்படியானால் இன்னொரு குருசாமி வேறொரு பையனைப் பார்த்து ‘உனக்கு 21 நாள் போதும்’ என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். லீவே கிடைக்காத செக்யூரிட்டி வேலைக்காரர் ஒருவர் என் தெருவில் இருக்கிறார். வீட்டுக்குப் போவதே வாரம் ஒரு நாள். அவரை ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று மூன்று குருசாமிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ராஜபாளையம்_குருசாமி:
அவரை என்னிடம் அனுப்புங்கள். வேலை செய்யும் இடத்திலேயே மாலை போட்டுவிடுகிறேன். வாட்ச்மேன் அறையில் ஒரு விளக்கு வைக்க இடம் இருந்தால் போதும். 41 நாளும் அங்கேயே இருக்கட்டும். ஊர் திரும்பியதும் மாலையைக் கழற்றவும் நானே வருகிறேன். லீவு மலைக்குப் போய் வரும் இரண்டு மூன்று நாளுக்குத்தான் தேவை, விரதத்துக்குத் தேவையில்லை.

தென்காசி_எல்லை:
அவரிடம் இன்றைக்கே பேசுகிறேன் சாமி. 21 நாளைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

ஒரகடம்_தம்பி:
கார்த்திகை 1 அன்று தெரு குருசாமியிடமே மாலை போட்டுக்கொள்கிறேன். சோறு வடிக்க இப்போதே அம்மாவிடம் கற்றுக்கொள்கிறேன். அக்கா, கன்னி பூஜை நாலு சாமிகளோடு முடியும், வீட்டில் பேசிவிட்டேன்.