மெக்டொனால்டு குலத்தின் மூதாதை ஐரிஷ்காரரா, வைக்கிங்கா?

தூரதேசி:
ஸ்காட்லாந்து வரலாறு வாசிக்கப் போய் மெக்டொனால்டு குலத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய வம்சாவளிகள் சோமர்லெட் என்ற தலைவனில் தொடங்கி, அயர்லாந்தின் ‘நூறு போர் கண்ட கான்’ என்ற பழங்கதை அரசன் வரை கொண்டுபோகின்றன. வேறு இடத்தில் பார்த்தால் சோமர்லெட்டே வைக்கிங் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) வழி என்கிறார்கள். எது சரி? அப்புறம், இந்தப் பெயர் உள்ள எல்லோரும் அவருடைய வாரிசுகள்தானா?

ஏட்டுப்பூச்சி:
முதலில் ஆளைப் பார்ப்போம். 1156இல் ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவின் அரசன் காட்ரெட்டோடு கடலில் மோதி, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெரும்பகுதியைப் பிடித்தவர் சோமர்லெட், 1164இல் ரென்ஃப்ரூ பக்கம் ஸ்காட்லாந்து அரசனின் ஆட்களோடு மோதியபோது செத்தார். பேரன் பெயர் டொனால்டு. ‘மெக்’ என்றால் மகன், குலப்பெயர் அப்படி வந்ததுதான். சோமர்லெட்டின் மகன் டூகல் வழியில் மெக்டூகல்கள், ஆக அவர்களும் பங்காளிகளே.

வேடிக்கை பெயர்களில் இருக்கிறது. சோமர்லெட் என்பது நார்ஸ் (வைக்கிங்குகளின் மொழி) பெயர், கோடையில் கப்பலேறிப் போகிறவன் என்று பொருள், அதாவது கொள்ளைக்கு. ஆனால் அவருடைய அப்பா பெயர் கில்லபிரிட், அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் பேசிய கேலிக் மொழியில் ‘புனித பிரிஜித்தின் அடியான்’, நம்மூர் ‘தாசன்’ மாதிரி. தாத்தா பெயரும் அதே ரகம்தான். இரண்டு கூட்டமும் தலைமுறைகளாகக் கொண்டு கொடுத்த இடம், பெயரை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கடலோரன்:
அதற்குத்தான் மரபணு. ஆக்ஸ்ஃபோர்டு மரபணு ஆய்வாளர் பிரயன் சைக்ஸ், குலத் தலைவர் குடும்பங்களின் ஒய் குரோமோசோமை (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) சோதித்தார், எல்லாம் ஒரே மூதாதையிடம் போய் நின்றன, வகை ஆர்1ஏ, நார்வேயில் சகஜம், கேலிக்காரர்களிடம் அபூர்வம். ஆக அப்பா வழி நார்ஸ். ஐரிஷ் வம்சாவளி கவுரவத்துக்காகச் சேர்த்த ஒட்டு என்பது என் கட்சி. அம்மாமார் வழியை இந்தச் சோதனை தொடவே தொடாது, அதனால் ‘சுத்த வைக்கிங்’ என்று சட்டை போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான்.

ஏட்டுப்பூச்சி:
இரண்டாவது கேள்விக்கு: இல்லைங்க. குலத்தைக் குறிக்கும் ‘க்ளான்’ சொல்லுக்குக் கேலிக்கில் பிள்ளைகள் என்றுதான் பொருள், ஆனால் தலைவனின் நிலத்தில் உழுதவன், அவனிடம் பாதுகாப்புத் தேடி வந்தவன் எல்லோரும் காலப்போக்கில் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெயர் பெரும்பாலும் விசுவாசத்தைச் சொல்லும், ரத்தத்தைச் சொல்லாது.

தூரதேசி:
சரி, மெக்டொனால்டு தலைவர்கள் வைத்திருந்த ‘தீவுகளின் பிரபு’ பட்டம் இப்போது யாரிடம்?

ஏட்டுப்பூச்சி:
அந்தப் பிரபுக்களின் தலைமையிடம் இஸ்லே தீவில். ஃபின்லகன் என்று ஒரு சிறு ஏரி, அதற்குள் இரண்டு திட்டுகள், ஒன்றில் மாளிகை, மற்றதில் ஆலோசனை சபை. புதிய பிரபு பாதம் செதுக்கிய கல்லில் கால் வைத்து நின்றால்தான் பதவி என்பது மரபு. 1493இல் ஸ்காட்லாந்து அரசன் நான்காம் ஜேம்ஸ் காலத்தில் பட்டம் பறிபோனது, இன்று அது பிரிட்டிஷ் பட்டத்து இளவரசருக்கு, அதாவது வில்லியமுக்கு. குலத்தின் உயர்தலைவருக்கு இருப்பது 1776இல் கிடைத்த ‘லார்டு மெக்டொனால்டு’ பட்டம், அதுவும் அயர்லாந்துப் பிரபுக்கள் வரிசையில் 😀