பணி ஓய்வுக்குப் பின் சிங்கப்பூர்: சீனுவையும் கூட்டி வர வழி உண்டா? அவசரம்

உறையூர் வாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்று, மகனோடு இருக்கலாம் என்று இங்கே வந்து 6 வாரம் ஆகிறது. மனைவி இன்னும் திருச்சியில்தான். காரணம் சீனு. 11 வருஷமாக எங்கள் வீட்டுப் பிள்ளை. அடுத்த மாதம் 9ஆம் தேதி திருச்சியிலிருந்து நேர் விமானத்தில் மனைவிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. சீனுவையும் கூண்டில் வைத்து அதிலேயே கூட்டி வரலாம் என்றிருந்தோம். நேற்று டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டால், "அதெல்லாம் முடியாது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். "அவன் வரலேன்னா நானும் வரலே" என்று போனில் அழுகிறாள். இரவெல்லாம் தூக்கமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

செங்காங்வாசி:
சார், என்ன இனம்? வீவக வீடா (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி), கொண்டோவா (தனியார் அடுக்குமாடி)? வீவக என்றால் வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் பட்டியலில் உள்ள 62 சின்ன இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். லாப்ரடார் எல்லாம் கூடாது. மீறினால் 4,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம். நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஊரில் பொமரேனியன் என்று சொல்லித்தான் வாங்கினோம். ஊசிச் சீட்டிலும் டாக்டர் அப்படியே எழுதியிருந்தார். இங்கே வரப் பேப்பர் தயார் செய்யும்போதுதான் அது இந்தியன் ஸ்பிட்ஸ் என்று தெரிந்தது. பட்டியலில் பொமரேனியன் உண்டு, இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற பெயர் இல்லை. எங்கள் நாய்க்காகவே கொண்டோவுக்கு மாறினோம். முதல் 8 மாதம் வாடகை கட்டியே கை காலி.

ஜூரோங் 2009:
ஐயா, நான் 2009இல் வந்தபோது ஒரு அறையில் 8 பேர். பாய் விரிக்க இடமில்லை, முறை வைத்துத் தூங்கினோம். அப்பா இறந்தபோது லீவு கிடைக்காமல் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அதனால் சொல்கிறேன், மனுஷர்கள் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். பிராணியை உறவுக்காரர் யார் வீட்டிலாவது விட்டுவிட்டு அம்மா முதலில் கிளம்பி வரட்டும். இங்கே வந்தால் மனசு மாறிவிடும்.

பொங்கோல் அம்மா:
தம்பி கஷ்டப்பட்டவர், மறுக்கவில்லை. ஆனால் அந்த யோசனை மட்டும் வேண்டாம். நானும் என் பிராணியைச் சித்தி வீட்டில்தான் விட்டுவிட்டு வந்தேன். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று மூன்றாம் நாள் வீடியோவில் காட்டினாள். என் குரலைக் கேட்டதும் போனுக்குப் பின்னால் போய் என்னைத் தேடியது. இரண்டு வாரத்தில் உயிர் போய்விட்டது. 4 வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. ஐயா, விட்டுவிட்டு வராதீர்கள்.

ஈசூன் புதுசு:
ஏன் இவ்வளவு பயம்? எங்களுக்குக் குவாரண்டீனே கிடையாது. ஏஜெண்டும் வைக்கவில்லை. விமான நிலையத்தில் பேப்பரைச் சரிபார்த்தார்கள், நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

செங்காங்வாசி:
எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? எங்கள் நாயை 30 நாள் வைத்தார்களே.

ஈசூன் புதுசு:
பெர்த்.

செங்காங்வாசி:
அதுதான் விஷயம். ஆஸ்திரேலியா வெறிநோய் இல்லாத பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் அப்படியா? இவருக்கு உங்கள் கணக்கு பொருந்தாது.

உட்லண்ட்ஸ் பேரன்:
பிராணியை விடுங்கள், பெற்றோரைக் கூட்டி வருவதே பெரும்பாடு. ஓய்வு பெற்றவர்களுக்கென்று இங்கே தனி விசா இல்லை. ஈபியில் (நிபுணர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர் மாதம் 12,000 வெள்ளியாவது வாங்கினால்தான் அப்பா அம்மாவுக்கு நீண்டகால வருகை அனுமதி. எனக்கு அந்தச் சம்பளம் இல்லை. அம்மா சுற்றுலா அனுமதியில் வந்து வந்து போகிறார்.

பொங்கோல் அம்மா:
வந்தாலும் பகல் முழுக்க நாலு சுவர்தான். என் மாமியார் தேக்கா (லிட்டில் இந்தியா) போய் வெற்றிலை வாங்குவதற்காக வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

ஜூரோங் 2009:
வீடு பார்க்கப் போனால் இந்தியர் வேண்டாம், சமைக்கக் கூடாது என்பார்கள். ரசம் கூட வைக்கக் கூடாது என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர் என்னிடம் சொன்னார். இதில் பிராணி வேறு என்றால் கதவையே திறக்க மாட்டார்கள்.

உறையூர் வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தவறு. சீனு பூனை. நாட்டுப் பூனை, கருத்தடை செய்தாகிவிட்டது. மகன் இருப்பது வாடகை வீவக வீடு. எனக்கும் மனைவிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது.

தெம்பனிஸ் தங்கச்சி:
ஐயா, நான் இங்கே பிராணி மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பூனை என்றால் இனப் பட்டியல் பேச்சே வேண்டாம். வீவக வீடுகளில் இருந்த பூனைத் தடை 2024 செப்டம்பர் 1 முதல் நீங்கிவிட்டது. வீட்டுக்கு 2 வரை வளர்க்கலாம், உரிமம் மட்டும் எடுக்க வேண்டும். அதற்கு முன் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லுங்கள் மகனிடம். வாயால் சொன்னது பிறகு நிற்காது. சன்னல்களுக்கு வலையும் அடித்துவிடுங்கள்.

9ஆம் தேதிக்குள் சீனு வர முடியாது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், நாள் நெருங்க நெருங்க ஏமாற்றம்தான் கூடும். டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா பாருங்கள்.

சீனுவுக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா? முதலில் சிப், அதன் பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. சிப் இல்லாமல் முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஊசிக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை, அதில் வெறிநோய் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை நாள் என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவு வெளியிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து உறையூர் டாக்டர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இங்கே இறக்குமதி உரிமமும் குவாரண்டீன் இடமும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தால் 30 நாளாவது அங்கே இருக்க வேண்டும்.

விமானம் சென்னையிலிருந்து ஏறுவது நல்லது. ஊரை விட்டுக் கிளம்ப மத்திய அரசின் விலங்கு குவாரண்டீன் அலுவலகச் சான்று வேண்டும். அது பள்ளிக்கரணையில் இருக்கிறது, திருச்சியில் இல்லை. ஏஜெண்ட் கட்டாயமில்லை. ஆனால் அம்மா தனியாக அலைய வேண்டியிருந்தால் சென்னை வேலைக்கு மட்டுமாவது ஒருவரை வையுங்கள்.

கூண்டை இப்போதே வாங்கிவிடுங்கள். உள்ளே எழுந்து நிற்க, திரும்ப இடம் இருக்க வேண்டும். கதவைத் திறந்தே கூடத்தில் வைத்து, துவைக்காத துணி ஒன்றை உள்ளே போடுங்கள், வாசம்தான் அதற்குத் தைரியம். மயக்க மருந்து மட்டும் கொடுக்கவே கூடாது. 11 வயது உடம்பு, பறக்கும்போது மூச்சுக்கு ஆபத்து.

உறையூர் வாத்தியார்:
அம்மா, நல்லா இருங்கள். மனைவி கேட்டது ஒன்றுதான்: அந்த 30 நாளும் போய்ப் பார்க்க விடுவார்களா?

தெம்பனிஸ் தங்கச்சி:
பார்வை நேரம் உண்டு ஐயா. போய்ப் பக்கத்தில் உட்காரலாம்.

உறையூர் வாத்தியார்:
டிக்கெட்டை மாற்றியாகிவிட்டது, கொஞ்சம் காசு போனது, பரவாயில்லை. மகன் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறான். சிப் போட திங்கட்கிழமை டாக்டரிடம் மனைவி நேரம் வாங்கியிருக்கிறாள். கூண்டும் வந்துவிட்டது, என் பழைய வேட்டியை உள்ளே மடித்துப் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறாள். சீனு இன்னும் உள்ளே போகவில்லை. வேட்டியின் ஒரு முனையை வெளியே இழுத்துப் போட்டு அதன் மேல் படுத்திருக்கிறான்.