பரோட்டிட் துண்டுகள்: புரொப்ரனோலால் போட்டும் புரதம் இறங்கவில்லையே, ஏன்?

கேஎல்_முதுகலை:
வணக்கம். எலியின் பரோட்டிட் சுரப்பியை (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) துண்டு போட்டு, கிரெப்ஸ் கரைசலில் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) 37 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறேன். பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபுரோட்டெரெனால் 10 மைக்ரோமோலார். அது கெடாமலிருக்க அஸ்கார்பிக் அமிலம் 1 மில்லிமோலார். வெளியே வந்த புரதத்தை பிசிஏ முறையில் (நிறத்தை வைத்துப் புரதத்தை அளப்பது) அளந்தால், மருந்தில்லாத குழாயைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. பீட்டா ஏற்பியை அடைக்கும் புரொப்ரனோலால் சேர்த்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. பீட்டா ஏற்பி வழியாகத்தான் சுரக்கிறது என்றால் அடைபட வேண்டாமா? ஆல்ஃபா ஏற்பி காரணமாக இருக்குமா?

ஜார்ஜ்டவுன்_மருந்தியல்:
ஆல்ஃபாவைத் தேடும் முன், துண்டே போடாத குழாயில் அதே மருந்தையும் அஸ்கார்பிக் அமிலத்தையும் ஊற்றி அளந்து பாருங்கள் தம்பி. ஊதா நிறம் வரும். பிசிஏவில் செம்பு ஒடுங்கித்தான் நிறம் பிறக்கிறது; அஸ்கார்பேட்டும் செம்பை ஒடுக்கும், ஐசோபுரோட்டெரெனாலின் கேட்டிக்கால் வளையமும் ஒடுக்கும். புரதம் அளக்கும் இன்னொரு முறையான லௌரிக்கும் இதே சிக்கல். அந்த நிறத்தை எந்தப் புரொப்ரனோலாலும் அடைக்காது.

மாதிரியில் டிசிஏ (புரதத்தை வண்டலாகப் படிய வைக்கும் அமிலம்) 10 சதவீதம் வரும்படி சேர்த்து, ஐஸில் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, வண்டலை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து அளங்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியான அமைலேஸை அளப்பது இன்னும் நல்லது. பரோட்டிட் செல்களின் சுரப்புத் துகள்களில் நிறைந்திருப்பது அதுதான். சுரந்ததை, சுரந்ததும் திசுவில் மிஞ்சியதும் சேர்ந்த மொத்தத்தில் சதவீதமாக எழுதினால், துண்டுகளின் எடை முன்னே பின்னே இருந்தாலும் கவலையில்லை.

ஐசோபுரோட்டெரெனால் 1 மைக்ரோமோலாரே போதும். புரொப்ரனோலால் 10 மைக்ரோமோலார், அதுவும் 15 நிமிடம் முன்பே. 100க்கு ஏற்றினால் ஏற்பியோடு நிற்காது, செல் சவ்வையே பாதிக்கும்.

செந்தூல்_லேப்:
அக்கா சொன்னது சரி. கூடவே எல்டிஎச் (செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதி) பாருங்கள். அது கரைசலில் கூடினால் செல் உடைந்து கசிகிறது, சுரக்கவில்லை. மழுங்கிய பிளேடால் நசுக்கி வெட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஐசோபுரோட்டெரெனால் ஸ்டாக்கை அன்றன்றைக்கே கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி ஐஸில் வையுங்கள். இளஞ்சிவப்பு தட்டினால் ஆக்சிஜனேற்றம் நடந்துவிட்டது, கொட்டிவிடுங்கள். நம்ம ஊர் சூட்டில், ஏர்கோன் நிறுத்திய அறையில், சீக்கிரமே தட்டும்.

எலி இராத்திரியில்தான் தின்னும். தின்றால் சுரப்பியின் அமைலேஸ் வடிந்துவிடும். எனவே முந்தின இரவு தீனியை எடுத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, எப்போதும் ஒரே நேரத்தில் சுரப்பியை எடுங்கள்.

கேஎல்_முதுகலை:
நன்றி. அடுத்து உயிருள்ள எலியில் உமிழ்நீர் சேகரிக்கப் போகிறோம். உமிழ்நீரைச் சுரக்க வைக்கும் இன்னொரு மருந்தான பைலோகார்ப்பினோடு ஒப்பிடும்போது புரதச் செறிவை மட்டும் பார்த்தால் போதுமா?

ஜார்ஜ்டவுன்_மருந்தியல்:
போதாது. பைலோகார்ப்பின் மஸ்கரினிக் ஏற்பி வழியே கால்சியத்தை ஏற்றி நீரைக் கொட்ட வைக்கும். ஐசோபுரோட்டெரெனால் பீட்டா-1 வழியே சைக்ளிக் ஏஎம்பியை (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு) ஏற்றித் துகள்களை வெளியேற்றும். உமிழ்நீர் கொஞ்சமாக, கெட்டியாக வரும். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர், மி.லி.க்கு 20 மி.கி. என்றாலும் 200 மைக்ரோகிராம்தான்; 100 மைக்ரோலிட்டர், 2 மி.கி. என்றாலும் அதே 200தான். எடை போட்ட பஞ்சை வாயில் வைத்து, நேரம் குறித்து எடுத்து, ஓட்டத்தையும் செறிவையும் பெருக்கி எழுதுங்கள். பஞ்சில் ஏறிய 1 மி.கி. ஏறத்தாழ 1 மைக்ரோலிட்டர்.