71 வீத வரிக் குறைப்பும் அந்த மூவாயிரம் ரூபாவும்

கணக்குப்பிள்ளை:
இலங்கையை ஆளுற அநுர குமார திசாநாயக்கவின்ர தேசிய மக்கள் சக்தி ஆதரவாளர் ஒருத்தர் எழுதிப்போட்டிருக்கிறார்: "அநுர அரசு சம்பள வரியை 71 வீதத்தால் குறைத்துவிட்டது. இனியும் குறை சொல்கிறவனுக்குக் கணக்குத் தெரியாது." சரி, தெரிஞ்ச கணக்கைப் பாப்பம்.

71 வீதம் ஆருக்கு? மாதம் சரியா 200,000 எடுக்கிற ஆளுக்கு. முந்தி முதல் 100,000க்கு வரி இல்லை. அதுக்கு மேல 41,667 ரூபாவுக்கு ஒரு படி. படிக்குப் படி 6, 12, 18 வீதம் எண்டு வரி ஏறும். அவர் கட்டினது 10,500. 2025 ஏப்ரல் 1 இலிருந்து விலக்கு 150,000. மிச்சம் 50,000க்கு 6 வீதம், அதாவது 3,000. குறைஞ்சது 7,500, வீதத்தில 71. கூட்டல் கழித்தல் சரிதான்.

ஆனா தேர்தலுக்கு முதல் சொன்ன விலக்கு 200,000. அதைச் செய்திருந்தா இந்த ஆளுக்கு வரி ஒரு சதமும் இல்லை. அந்த 3,000 எங்கை?

செவ்வானம்:
அண்ணை, உங்களுக்குப் பிடிச்ச ஒரு வரியை மட்டும் எடுத்து வைச்சுக் கதைக்கிறியள். 150,000 எடுக்கிறவர் 3,500 கட்டினவர், இப்ப ஒண்டும் இல்லை. 250,000 காரர் 21,000 கட்டினவர், இப்ப 8,000. 12 வீதப் படியைத் தூக்கியாச்சு. 6 வீதப் படி வருசத்துக்கு 5 இலட்சமா இருந்தது 10 இலட்சமாகியிருக்கு. இந்தச் சுமையை 2023 ஜனவரியில தலையில வைச்சது அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில். அப்ப உங்கட பேனைக்கு மை முடிஞ்சு போச்சோ?

கணக்குப்பிள்ளை:
ரணில் 200,000 தாறன் எண்டு சொல்லேல்லை, தம்பி. சொன்னது நீங்கள்.

இன்னொண்டு. மாதம் 600,000 எடுக்கிறவர் முந்தி 142,500, இப்ப 122,000. அவருக்கு மிச்சம் 20,500. 358,333க்கு மேல போற எல்லாருக்கும் அதே 20,500தான். செங்கொடி பிடிச்ச கட்சி மேல்தட்டுக்கு 20,500, நடுத்தரத்துக்கு 7,500. இதில பெருமைப்பட என்ன இருக்கு?

செவ்வானம்:
வீதத்தில பாருங்கோ. 600,000 காரருக்கு 14 வீதம்தான் குறைஞ்சிருக்கு.

கணக்குப்பிள்ளை:
கடையில வீதத்தை நீட்டிச் சாமான் வாங்கேலாது.

துருவக்கரடி:
இருவருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து பார்க்கும்போது சிரிப்பாக இருக்கிறது. 3,000 ரூபாவுக்கு இவ்வளவு சண்டையா? சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது, அதைத் தவணை தவணையாகத்தான் தருகிறது. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் மீளாய்வு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15.1 வீதம், வட்டிச் செலவு நீங்கலான மிகை 2.3 வீதம் என்று இலக்கு வைத்திருந்தார்கள். விலக்கை 200,000 ஆக்கினால் அந்த ஓட்டையை எதால் அடைப்பது?

கணக்குப்பிள்ளை:
வாங்கோ கரடியார், குளிர் எப்பிடி? கடன் ஒப்பந்தம் 2023 மார்ச். தேர்தல் விஞ்ஞாபனம் 2024 ஓகஸ்ட். ஒண்டரை வருசம் ஒப்பந்தம் மேசையில கிடந்தது. வாசிச்சுப்போட்டு 200,000 எண்டு எழுதினவையோ, வாசிக்காமல் எழுதினவையோ? ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ.

மட்டுநகரான்:
என்ன கா இது, சம்பளக்காரர் கதையாவே போகுது. அடிப்படைச் சம்பளம் 150,000 வரைக்கும் வரி இல்லைதானே? அந்த அளவு எத்தனை பேருக்குக் கிடைக்குது?

சின்னக்கிளி:
அடிப்படைச் சம்பளம் இல்லை. கொடுப்பனவுகள், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து வரும் மொத்தத் தொகைக்குத்தான் வரி. ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டும் 8 வீதத்தையும் கழிக்க முடியாது. அடிப்படை 120,000, மற்றவை 50,000 என்றால் வரிக் கணக்கு 170,000க்கு.

விலக்கு மாதக் கணக்கும் இல்லை, வருடத்துக்கு 18 இலட்சம். ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதம் மாதத்துக்கு 250,000 எடுத்துவிட்டு வேலையை விட்டவரிடம் மாதம் 8,000 படி 48,000 வெட்டியிருப்பார்கள். அவருடைய வருட வருமானம் 15 இலட்சம்தான், வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியே கிடையாது. அந்தக் காசு தானாக வராது. வேலை கொடுத்தவரிடம் வெட்டின வரியைக் காட்டும் ரி-10 சான்றிதழ் வாங்கி, நவம்பர் 30க்குள் வருமான விபரத்திரட்டைக் கொடுத்து மீளக் கேட்க வேண்டும். இதைத் தெரியாமல் விடுகிறவர்களே கனபேர்.

கணக்குப்பிள்ளை:
பிள்ளை சரியாச் சொல்லுது. ஆனா விசயம் அந்த 3,000.

சின்னக்கிளி:
அதைவிட எரிச்சல் தருவது வட்டி. நிலையான வைப்பு வட்டிக்கு 5 வீதமாக இருந்த நிறுத்திவைத்தல் வரி, அதே ஏப்ரல் 1 இலிருந்து 10 வீதம். 20 இலட்சம் வைப்பு, 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 160,000. அதில் 16,000 வங்கியிலேயே போய்விடும். வட்டியில் சீவிக்கிற வயதானவர்களைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செவ்வானம்:
அக்கா, அது புது வரி இல்லை, வருட வரிக்கு முற்பணம். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உள்ளே என்றால் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுக்கலாம், வெட்டமாட்டார்கள். 8 வீத வட்டிக்கு 2 கோடி வைப்பில் வைச்சாலும் வட்டி 16 இலட்சம்தான். ஏழைகள் எல்லாரும் 2 கோடி வைச்சிருக்கினமோ?

சின்னக்கிளி:
படிவம் இருப்பது எனக்கும் தெரியும். அதுக்கு முதலில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் வேண்டும். பிறகு ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனிப் படிவம். புது வரி வருடம் பிறந்தால் திரும்பவும் கொடுக்க வேண்டும். வட்டி கணக்கில் விழுவதற்கு முன்னால் கொடுக்காவிட்டால் வெட்டிவிடுவார்கள். வெட்டினதைத் திரும்ப எடுக்கிறதென்றால் வருமான விபரத்திரட்டு. 78 வயது மனிசி இணையத்தில் விபரத்திரட்டு நிரப்புவாவா? முற்பணம் என்று சொல்வது சுலபம், தம்பி.

துருவக்கரடி:
இங்கேயெல்லாம் முதியவர்களும் இணையத்தில்தான்...

சின்னக்கிளி:
அங்கே நடக்கிறது அங்கேயே இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
செவ்வானம் இன்னும் பதில் தரேல்லை. 200,000 எண்டு சொல்லி 150,000 தந்தால் குறையிறது 50,000. அதின்ர 6 வீதம் 3,000. மாதம் 3,000, வருசம் 36,000. அதோட சாப்பாட்டுச் சாமானுக்கும் பள்ளிப் புத்தகத்துக்கும் வற் வரியை (பெறுமதி சேர் வரி) எடுப்பம் எண்டவை. 2024 ஜனவரியில ரணில் ஏத்தின 18 வீதத்தில ஒரு புள்ளியும் அசையேல்லை. 2025 ஏப்ரலில என்ன வந்தது? உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் விலக்கு. யோகட்டைக் குடிச்சுப்போட்டுப் பிள்ளையள் படிக்கட்டும்.

செவ்வானம்:
வற் வரியைப் பற்றி நீங்கள் கதைக்கக்கூடாது. 2019 டிசம்பரில ஜனாதிபதி கோட்டாபய அதை 15 இலிருந்து 8 ஆக்கினபோது "இதுதான் ஆட்சி" எண்டு இஞ்சதான் எழுதினியள். வற்றுக்குப் பதிய வேண்டிய எல்லையை வருச விற்பனை 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடி ஆக்கினவர். சம்பள விலக்கு மாதம் 250,000. உங்களுக்குப் பிடிச்ச இலக்கம்! 2022 இல பெற்றோல் வரிசை. வரியை அள்ளிக் குறைச்சா என்ன நடக்கும் எண்டு நாடே படிச்சிட்டுது, உங்களைத் தவிர.

கணக்குப்பிள்ளை:
நான் எழுதினதைக் காட்டு பாப்பம். கோட்டாபயவைப் பற்றி எழுதினது வேற ஆள், அந்த ஆள் இப்ப உங்கட கட்சிக்குக் கொடி பிடிக்கிறார். அதோட நீ சொல்றது உனக்கே அடிக்குது: குறைச்சா நாடு கவிழும் எண்டு தெரிஞ்சும் ஏன் 200,000 எண்டு எழுதினவை?

மட்டுநகரான்:
மின்சாரக் கட்டணத்தையும் கேளுங்க. 2025 ஜனவரில 20 வீதம் குறைச்சாங்க, ஜூன்ல 15 வீதம் கூட்டினாங்க. மிச்சம் 5 வீதம் குறைவாத்தானே இருக்கணும், பில்லில அப்படித் தெரியலயே?

கணக்குப்பிள்ளை:
100 ரூபா 80 ஆகும். 80 இல 15 வீதம் 12. ஜூனோட 92. உனக்கு 8 குறைவு, 5 இல்லை. வீதத்தைக் கூட்டிக் கழிக்கிற ஆக்களாலதான் 71 எண்டு ஏமாத்தேலுது.

மட்டுநகரான்:
எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க வராதீங்க. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தல்ல 22 தேர்தல் மாவட்டத்தில தேசிய மக்கள் சக்தி தோத்த ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்துக்காரர்தான் 3 ஆசனம் அள்ளிக் குடுத்தீங்க. இப்ப 3,000 எங்க எண்டு அழுறீங்க.

கணக்குப்பிள்ளை:
நான் குடுக்கேல்லை.

செவ்வானம்:
நான் குடுத்தனான், இனியும் குடுப்பன். அரச ஊழியரின்ர குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000. அதை ஏன் ஒருத்தரும் சொல்லினமில்லை?

கணக்குப்பிள்ளை:
சொல்லுவம். 15,750 கூடினதெண்டு மேடையில முழக்கம். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த கொடுப்பனவுகளை அதுக்குள்ள போட்டுக் கரைச்சாச்சு. உண்மையிலேயே கூடினது 8,250. அதுவும் ஒரேயடியா இல்லை, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி எண்டு மூண்டு தரம். 71 வீதத்தின்ர தம்பி இது.

சின்னக்கிளி:
இணையத்தில் வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களையும் ஏப்ரல் 1 இலிருந்து வரிக்குள் கொண்டுவந்தார்கள். வங்கி வழியாகக் காசு வந்தால் முந்தி விலக்கு. இப்போது 18 இலட்சத்துக்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 15 வீதம். மாதம் 300,000 வந்தால் 15,000. உள்ளூர்ச் சம்பளக்காரர் அதே தொகைக்கு 18,500. ஆனால் அவர்களுக்கு வெட்டித் தர முதலாளி இல்லை, தாங்களே காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். இதை யாராவது கவனித்தீர்களா?

செவ்வானம்:
அக்கா, அண்ணை இன்னும் 3,000ஐத் தேடிக்கொண்டிருக்கிறார், குழப்பாதையுங்கோ. அரசு காசை எங்கே எடுத்தது எண்டால் வாகனத்தில. 2020 மார்ச்சில பூட்டின இறக்குமதியை 2025 பெப்ரவரியில திறந்தாச்சு. வசதியுள்ளவன் கட்டுறான்.

மட்டுநகரான்:
அது கொள்ளை. சுங்க வரி 20, மேல்மிகை 50. ரெண்டும் சேத்து 70 வீதம்.

கணக்குப்பிள்ளை:
மேல்மிகை வாகன விலையில இல்லையடாப்பா, அந்தச் சுங்க வரியில 50 வீதம். 20 இல பாதி 10. மொத்தம் 30. பிறகு எஞ்சின் கொள்ளளவுக்கு உற்பத்தி வரி, விலையுயர்ந்ததெண்டா ஆடம்பர வரி. எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல 18 வீதம் வற். வரிக்கு வரி போடுறதுதான் கொள்ளை, 70 இல்லை.

மட்டுநகரான்:
வர்த்தமானில 50 எண்டு போட்டிருக்கு. 20உம் 50உம் 70தான்.