வெள்ளி நானோ துகள்: பழுப்பு வராம பால் நிறமா கலங்குது, ஏன்?

கேள்வி (பாளையங்கோட்டை, எம்.எஸ்சி. புராஜெக்ட்)
1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மி.லி., வேப்பிலைச் சாறு 10 மி.லி. கலந்தேன், பழுப்பு நிற வெள்ளி நானோ துகள் கரைசல் வரணும்னு. உடனே பால் மாதிரி கலங்கி, வெயில் பட்டதும் சாம்பல் ஊதாவா அடியில படியுது. இலையைக் கொதிக்க வைத்தது ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரில். போன பேட்ச் பழுப்பாத்தான் வந்தது. ஆனா அதுக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் சோதனை) 18 நானோமீட்டர்ங்குது, டிஎல்எஸ் (ஒளிச்சிதறல் அளவீடு) 95ங்குது. எதை எழுத? 0டி (பூஜ்யப் பரிமாணம்)-ன்னு போடலாமா அண்ணாச்சி?

பதில் 1
தம்பி, அது சில்வர் குளோரைடு. லிட்டருக்கு 35 மில்லிகிராம் குளோரைடு இருந்தாலே 1 மில்லிமோலார் ஆயிருது. பத்து மடங்கு நீர்த்த பிறகும் கலங்கும். திசையன்விளைப் பக்கத்து உப்பு போர் தண்ணீர்னா கேக்கவே வேண்டாம். சாறு, கரைசல், கண்ணாடியைக் கடைசியா அலசுறது எல்லாமே டிஸ்டில்டு வாட்டர்ல இருக்கணும். இலையிலயும் கொஞ்சம் குளோரைடு உண்டு. அதனால சாற்றை 5 மி.லி.யா குறைச்சுப் பாருங்க.

எக்ஸ்ஆர்டியில 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி வெள்ளிக்குரியது. 27.8, 32.2, 46.2-ல பீக் (முகடு) நின்னா குளோரைடு. இதைத்தான் பல பேர் "தாவரப் பொருள்"னு எழுதித் தப்பிச்சிடுதாங்க.

பதில் 2
ரெண்டு அளவையும் எழுதுங்க, எது எந்தக் கருவியில வந்ததுன்னு சொல்லி. எக்ஸ்ஆர்டி பீக்கின் அகலத்தை வச்சு ஷெரர் சூத்திரம் தருவது படிகத் துணுக்கின் அளவு. ஒரு துகளுக்குள்ளயே பல துணுக்கு இருக்கலாம். டிஎல்எஸ் மேல ஒட்டின சாற்றுப் பொருளையும் கூட நகரும் நீரையும் சேர்த்து அளக்கும். அதோட, சின்னத் துகள்ல ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏத்தபடி கூடும். நாலு கட்டி சேர்ந்தாலே சராசரி எகிறிடும். துகளின் நிஜ அளவுக்கு டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி)தான்.

0டி சரிதான், டிஇஎம்ல மூணு பக்கமும் 100 நானோமீட்டருக்குள்ள இருந்தா. நானோவுக்கு வெளியே எத்தனை பக்கம் நீளுதுன்னுதான் எண்ணுறாங்க: கம்பி 1டி, தகடு 2டி. நானோ மணிகள் சேர்ந்த கட்டி 3டி.

பதில் 3
ஒண்ணு விட்டுப்போச்சு. வேகமா வரட்டும்னு சோடியம் ஹைட்ராக்சைடு கூடுதலா விட்டா சில்வர் ஆக்சைடும் பழுப்பாத்தான் விழும். நிறத்தை மட்டும் நம்பாதீங்க. சாற்றை பிளாங்க்கா (ஒப்பிட) வச்சு யூவி (ஒளி உறிஞ்சுதல் சோதனை) எடுத்து, 400-450 நானோமீட்டர்ல வெள்ளி நானோ துகளுக்குரிய பீக் இருக்கான்னு பாருங்க. பிஎச் இறக்க ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், அதுலயும் குளோரைடு இருக்கு; நீர்த்த நைட்ரிக் போதும்.

வெள்ளைப் படிவு அமோனியாவுல கரைஞ்சா குளோரைடு உறுதி. ஆனா அந்தக் கரைசலை எடுத்து வைக்காதீங்க, காஞ்சா வெடிக்கும். அன்னைக்கே நீர்த்த நைட்ரிக் விட்டு அமிலமாக்கி, வெள்ளிக் கழிவு பாட்டில்ல ஊத்திருங்க.